யாழ்ப்பாணத்தில் மனித உரிமை வளவாளராகத் தொடங்குவது எப்படி

மனித உரிமைக் கல்வியாளர் என்ற பெயரில் ஒரு வேலை வெற்றிடம் யாழ்ப்பாணத்தில் தேடினால் அனேகமாகக் கிடைக்காது. இந்த வேலையைச் செய்பவர்கள் குடியியற் கல்வி ஆசிரியராக, அரச சார்பற்ற நிறுவனத்தின் கள உத்தியோகத்தராக, சட்டத்தரணியாக, சமூக சேவை உத்தியோகத்தராகச் சம்பளம் வாங்குகிறார்கள். செயலமர்வுக்குப் போகும்போது மட்டும் அவர்களை வளவாளர் என்கிறோம். ஆகவே புதிதாக வருகிறவர் முதலில் சான்றிதழைத் தேடி ஓடுவது வீண் செலவு. ஒரு ஊர், ஒரு குழு, ஒரு உரிமை, அந்த உரிமை மீறப்பட்டால் போகவேண்டிய ஒரு கதவு: முதல் மூன்று மாதத்துக்கு இவ்வளவும் போதும். டிப்ளோமா, புலமைப்பரிசில், வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் அதற்குப் பிறகுதான், அதுவும் அந்தக் களவேலையைக் காட்டித்தான் கிடைக்கும்.

முதலில் படிக்க வேண்டியவை

1948 டிசம்பர் 10ஆம் திகதியின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் 30 உறுப்புரைகள் கொண்டது; தமிழில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே இருப்பில் வாசித்து முடிக்கலாம். அதிக நேரம் கொடுக்க வேண்டியது அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்துக்கு. 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரம். 11 சித்திரவதைக்கு எதிரானது. 12 சமத்துவம். 13 கைது, தடுத்துவைப்பு. 14 பேச்சு, ஒன்றுகூடல், சங்கம் அமைத்தல், நடமாட்டம். 14அ தகவல் அறியும் உரிமை. இது 2015இல் 19ஆவது திருத்தத்தோடு வந்தது. 126ஆவது உறுப்புரைதான் இவற்றை மீறினால் உயர் நீதிமன்றம் போகும் வழி. சர்வதேச உடன்படிக்கைகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு ஒப்பமிடச் சொன்னார்கள் என்று வருகிற ஒருவருக்கு ஜெனீவாவைப் பற்றிய விளக்கம் உதவாது.

இவற்றோடு சில சட்டங்களின் தமிழ்ப் பிரதி கையில் இருக்க வேண்டும்: 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், 1957இன் 21ஆம் இலக்க சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம். கடைசியில் சொன்னது சாதி பற்றியது. யாழ்ப்பாணத்தில் இதைப் பற்றி வகுப்பு எடுப்பவர் குறைவு, தேவையோ அதிகம்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு. மனித உரிமை பற்றிய விழிப்புணர்வும் கல்வியும் அதன் சட்டக் கடமைகளில் ஒன்று. நேரில் போய் உங்களை அறிமுகப்படுத்துங்கள், தமிழ்த் துண்டுப்பிரசுரம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஊர்க்கூட்டத்துக்கு உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பும்படி எழுத்தில் கேட்கலாம். பழைய துண்டுப்பிரசுரங்கள், சிறு சஞ்சிகைகள், உள்ளூர் வரலாறு தேவையென்றால் யாழ் பொது நூலகமும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகமும் இருக்கின்றன. உள்ளூர் உதாரணம் இல்லாத வகுப்புக்கு இரண்டாவது தடவை ஆட்கள் வரமாட்டார்கள்.

குழுவைத் தேடுவது

யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். ஒவ்வொரு ஊரிலும் ஏற்கெனவே கூடுகிற ஒரு அமைப்பு இருக்கும்: சனசமூக நிலையம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், விளையாட்டுக் கழகம், முதியோர் சங்கம். புதிதாக ஒரு குழுவைக் கூட்டி அதற்கு ஒரு பெயர் வைப்பதைவிட, மாதாந்தக் கூட்டம் நடக்கிற சங்கத்தில் முக்கால் மணித்தியாலம் கேட்டு வாங்குவது நல்லது. ஆட்கள் உங்களுக்காக வரவில்லை, தங்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள். அடுத்த மாதமும் வருவார்கள்.

வழமை இப்படி: முதலில் சங்கத் தலைவரையும் செயலாளரையும் வீட்டில் சந்தித்துப் பேச வேண்டும். அவர்கள் சம்மதித்தபின் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அதில் யார், என்ன தலைப்பு, எவ்வளவு நேரம், கட்டணம் இல்லை என்ற நான்கும் இருந்தால் போதும். பிரதியைக் கிராம அலுவலருக்கும் கொடுத்துவிடுங்கள். அவரிடம் அனுமதி கேட்பதற்காக அல்ல, நாளைக்கு யாராவது "அங்கே என்ன கூட்டம்?" என்று விசாரித்தால் அவர் கையில் ஒரு தாள் இருக்கும்.

எந்த மண்டபம் என்பதை யோசித்துத் தெரிவு செய்யுங்கள். ஒரே ஊரில் இரண்டு மூன்று சனசமூக நிலையங்கள் இருந்தால் அதற்குக் காரணம் உண்டு, அதை ஊரில் யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள். ஒரு பகுதியினரின் நிலையத்தில் கூட்டம் வைத்தால் மற்றப் பகுதியினர் வரமாட்டார்கள். கோவில் மடத்தில் வைத்தால் வேற்று மதத்தவரும், சில கோவில்களில் அதே மதத்தவர் சிலரும் வாசலோடு நின்றுவிடுவார்கள். "எல்லோருக்கும் அறிவித்தோம், வரவில்லை" என்ற முறைப்பாட்டில் பாதி இந்த மண்டபத் தெரிவில்தான் முடிகிறது. பாடசாலை மண்டபம், பிரதேச சபையின் பொது மண்டபம், கூட்டுறவுச் சங்கக் கட்டடம் ஆகியவை ஓரளவுக்குப் பொது.

நேரமும் அப்படித்தான். சீவல் தொழிலாளருக்குக் காலையும் மாலையும் மரம் ஏறும் நேரம், நடுப்பகல்தான் ஓய்வு. கடற்றொழில் செய்யும் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறு பூசை முடிந்தபின் ஆட்களைப் பிடிக்கலாம். மாணவர்கள் சனி, ஞாயிறு ரியூசனில். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எதையும் வைக்காதீர்கள். டிசம்பர் 10 மனித உரிமைகள் தினத்துக்குத் திறந்தவெளி நிகழ்வு திட்டமிடுவது ஆண்டுதோறும் நடக்கிற பிழை. அது மாரிகாலம், வெள்ளம் நிற்கும் மாதம். மண்டபம் பதியுங்கள், அல்லது நவம்பருக்கு முன் முடியுங்கள்.

பாடசாலைக்குள்

அதிபர் தனிப்பட்ட முறையில் சம்மதித்தாலும் வெளியார் பாடம் நடத்த வலயக் கல்விப் பணிமனையின் எழுத்து அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் ஐந்து வலயங்கள்: யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம். விண்ணப்பத்தோடு பாடத்திட்டத்தில் எந்த அலகோடு உங்கள் நிகழ்வு பொருந்துகிறது என்று குறிப்பிட்டால் அனுமதி விரைவாக வரும். தவணைப் பரீட்சைக்கு முந்திய மூன்று வாரமும் கேட்கவே வேண்டாம்.

பாடசாலையில் சிறுவர் உரிமை பேசினால் முதலாவது எதிர்ப்பு மாணவரிடமிருந்து வராது, ஆசிரியர் அறையிலிருந்து வரும். "அடியாத மாடு படியாது" என்பார்கள். அதற்கு ஒழுக்கம் பற்றிய விவாதத்தால் பதில் சொல்லி வெல்ல முடியாது. கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல்ரீதியான தண்டனையைத் தடுக்கிறது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் நட்டஈடு செலுத்தும்படி கட்டளையிட்டது. இந்த இரண்டு தாளையும் ஆசிரியர்களுக்கென்று தனியாக வைக்கும் அரைமணி நேர அமர்வில் கொடுங்கள். மாணவர் முன்னால் ஒருபோதும் வேண்டாம். ஆசிரியர் தலைகுனிய நேர்ந்தால் அடுத்த முறை படலை திறக்காது.

முதல் அமர்வு: தகவல் உரிமையோடு தொடங்குங்கள்

இதைப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. யாரையும் குற்றம் சாட்டத் தேவையில்லை, சட்டத்தரணி வேண்டாம், விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, சில வாரங்களில் முடிவு கைக்கு வரும். உரிமை என்பது வேலை செய்கிற ஒன்று என்று ஊர் ஒருமுறை கண்டுவிட்டால் மற்ற உரிமைகளைப் பேசுவது எளிது.

20 முதல் 25 பேர், 90 நிமிடம். தேவையானவை: டிமை தாள் 6, மாக்கர் 4, எழுதுதாள் ஆளுக்கு 2, மாதிரி விண்ணப்பம் ஆளுக்கு 1, பிளேன்ரீயும் ஏதாவது கடியும். கதிரைகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள், முன்வரிசை தலைவர்களுக்கு என்று துணி போட்டும் இருப்பார்கள். போனவுடன் அவற்றை வட்டமாக்குங்கள். ஐ.நா. 2011இல் ஏற்றுக்கொண்ட மனித உரிமைக் கல்வி, பயிற்சி பற்றிய பிரகடனமும் கற்பிக்கும் முறையே உரிமைகளை மதிப்பதாக இருக்க வேண்டும் என்கிறது.

முதல் 15 நிமிடம் ஊரில் அரசு அலுவலகம் ஒன்றிடம் கேட்க விரும்பும் கேள்விகளைச் சேகரியுங்கள். எல்லாவற்றையும் டிமை தாளில் எழுதுங்கள். வீதி, வீட்டுத்திட்டம், நலன்புரிக் கொடுப்பனவு, கிணற்று நீர்ப் பரிசோதனை, காணி விடுவிப்பு என்று வரும். அடுத்த 20 நிமிடம் அந்தக் கேள்விகளை மாற்றி எழுதும் பயிற்சி. அமர்வின் உயிர் இதில்தான் இருக்கிறது. "எங்கட ஒழுங்கையை ஏன் திருத்தவில்லை?" என்பதற்கு எந்த அலுவலரும் எதையும் எழுதலாம். "இன்ன ஒழுங்கையைத் திருத்த 2024ஆம் ஆண்டு ஒதுக்கப்பட்ட தொகை, ஒப்பந்தகாரரின் பெயர், செலுத்தப்பட்ட பணமும் திகதியும், வேலை முடிந்ததை உறுதிப்படுத்திய ஆவணத்தின் பிரதி" என்றால் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். கருத்தைக் கேட்காமல் ஆவணத்தைக் கேட்பதுதான் விதி. கேட்பதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் அடிக்கடி சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் காரணம் எழுதாமல் கடிதத்தை முடிக்கமாட்டார்கள்.

பின் 30 நிமிடம், ஒவ்வொரு குழுவும் உண்மையான ஒரு விண்ணப்பத்தை எழுதி முடிக்கட்டும். மிச்ச நேரம் கால எல்லைக்கு. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலர் விண்ணப்பத்தைப் பெற்றதாக எழுத்தில் ஏற்பு தரவேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால் அந்த முடிவிலிருந்து 14 நாட்களுக்குள். உயிரோ தனிப்பட்ட சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலம். மறுத்தாலோ, நாள் கடந்தும் பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

எங்கே பிழைக்கிறது? முதலாவது, அலுவலகம் மாறிப்போவது. பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையது, சில வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்துடையவை, ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபையுடையவை. முதலில் அது யாருடையது என்று விசாரியுங்கள். இரண்டாவது, ஏற்புத் துண்டை வாங்காமல் வருவது. அது இல்லாமல் நாள் எண்ண முடியாது. நேரில் தரமறுத்தால் பதிவுத் தபால். மூன்றாவது, போயா, அரச விடுமுறை நாட்களையும் எண்ணிவிட்டு அவசரப்பட்டு மேன்முறையீடு செய்வது. நான்காவது, ஒரே தாளில் பத்துத் திணைக்களக் கேள்விகள். எழுத இயலாத முதியவர் வாய்மொழியாகக் கேட்கலாம், அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். பலருக்கும் இது தெரியாது, சில அலுவலர்கள் உட்பட.

ஒரு மாதக் கணக்கு

இரண்டாவது, மூன்றாவது அமர்வுகளில் கைது, தடுத்துவைப்பு, பாகுபாடு போன்றவற்றுக்குப் போவீர்கள். அப்போது எல்லாவற்றுக்கும் முன் சொல்ல வேண்டியது ஒரு மாதக் கணக்கு. நிர்வாகத்துறை அடிப்படை உரிமையை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். பாராளுமன்ற உறுப்பினர், பத்திரிகை, மாவட்டச் செயலகம் என்று அலைந்து அந்த மாதத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களே அதிகம். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்று ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்ததைக் காட்ட வேண்டும் என்று சொன்ன தீர்ப்புகளும் உண்டு. ஆகவே "ஆணைக்குழுவில் போட்டாச்சு, இனிப் பயமில்லை" என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். முறைப்பாட்டை உடனே போடச் சொல்லி, அதே வாரத்தில் சட்டத்தரணியிடமும் அனுப்புங்கள். வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் இருக்கிறது.

ஆணைக்குழு முறைப்பாடு தமிழில், சாதாரண கடிதமாகப் போதும். திகதி, நேரம், இடம், அலுவலரின் பெயர் அல்லது அடையாளம், கண்ட சாட்சிகள், வைத்தியசாலைக்குப் போயிருந்தால் அந்த விபரம். ஆணைக்குழுவை உடனடியாக அழைக்க 1996. சிறுவர் விடயத்துக்கு 1929, பெண்களுக்கு 1938. இந்த மூன்று இலக்கத்தையும் ஒவ்வொரு அமர்விலும் எழுதிவிட்டு வாருங்கள்.

கல்வியாளர் சட்டத்தரணி அல்ல. மனு எழுதிக் கொடுப்பது, வழக்கு வெல்லுமா என்று சொல்வது உங்கள் வேலையில் இல்லை.

தவிர்க்க முடியாத தலைப்புகள்

யாழ்ப்பாணத்தில் அரசு செய்த அநீதியைப் பேசுவது எளிது. மண்டபம் முழுதும் தலையாட்டும். நாங்கள் ஒருவருக்கொருவர் செய்ததைப் பேசும்போதுதான் வளவாளரின் தரம் தெரியும்.

சாதியை எடுங்கள். அரசியலமைப்பின் 12(2) பாகுபாட்டுக்கான காரணங்களில் சாதியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 12(3) கடை, உணவகம், தன் மத வழிபாட்டிடம் ஆகியவற்றில் சாதி காரணமாகத் தடை விதிப்பதை விலக்குகிறது. 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், 1968 மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் இந்த மண்ணின் மனித உரிமை வரலாறு. தெரிந்த வரலாற்றிலிருந்து இன்றைய கிணறு, சுடலை, கோவில் உபயம் என்று வரலாம். "இப்ப அதெல்லாம் இல்லை" என்று ஒருவர் சொல்வார். மறுக்க வேண்டாம்; பின்வரிசையில் இருப்பவர்களைப் பாருங்கள், அமர்வு முடிந்தபின் அவர்களோடு தனியாகப் பேசுங்கள். மண்டபத்தில் கைதூக்கிச் சொல்லும்படி கேட்பது அவர்களை ஊர்முன் நிறுத்துவதாகும்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதும் அப்படியான ஒன்று. யாழ் நகரில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். திரும்பி வந்து சோனகதெருவில் வாழும் குடும்பங்களின் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். இடப்பெயர்வு, காணி பற்றிப் பேசிவிட்டு இதை விட்டுவிட்டால் அந்தப் பிள்ளை அதைக் கவனிக்கும்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய், சித்திரவதையிலிருந்து வந்தவர், வீட்டில் அடிபடுகிற பெண் யாராவது நடுவில் பேசத் தொடங்கினால், கேள்வி கேட்டுக் கதையை வளர்க்காதீர்கள். தேநீர் இடைவேளை அறிவியுங்கள், அவர் பக்கத்தில் போய் இருங்கள். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை, மகளிர் அபிவிருத்தி, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிரிவின் உத்தியோகத்தர்களை முன்கூட்டியே சந்தித்து வைத்திருந்தால்தான் அன்றைக்கு யாரிடம் அனுப்புவது என்று தெரியும்.

தாள், படம், விசாரிக்க வருகிறவர்கள்

நிதி தந்தவர் வரவு இடாப்பில் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசியும் கேட்பார். பங்குபற்றியவர்களுக்கோ அந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்ற பயம். இரண்டு தாள் வையுங்கள்: பெயரும் ஒப்பமும் உள்ள ஒன்று, போக்குவரத்துக் கொடுப்பனவு வாங்கியதற்கு ஆளுக்கொரு தனித்தனி வவுச்சர். ஒப்பந்தம் எழுதும்போதே நிதி தருபவரோடு இதைப் பேசித் தீர்க்க வேண்டும்; நிகழ்வன்று பேச முடியாது. படம் எடுக்குமுன் கேளுங்கள். சிறுவர் முகம், பாதிக்கப்பட்டவர் முகம் முகநூலில் வேண்டவே வேண்டாம்.

சிவில் உடையில் யாராவது வந்து விசாரித்தால் தடுமாறாமல் தலைப்பையும் ஏற்பாட்டாளர் பெயரையும் சொல்லுங்கள், அவருடைய பெயரையும் அலுவலகத்தையும் கேட்டு எழுதுங்கள். வந்தவர்களின் பட்டியலைக் கொடுக்கச் சம்மதிக்காதீர்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லலாம். திரும்பத் திரும்ப வந்தால் திகதியோடு குறித்து ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். தனியாக வேலை செய்பவருக்கு இது பாரம்; மூன்று நான்கு வளவாளர்கள் மாதம் ஒருமுறை சந்தித்து இப்படியானவற்றைப் பகிர்ந்துகொண்டால் பாதிப் பயம் குறையும். ஆபத்து முற்றினால் டப்ளினில் உள்ள ஃபிரண்ட் லைன் டிஃபென்டர்ஸ் போன்ற அமைப்புகள் அவசர உதவி செய்கின்றன.

வேலை, நிதி, மேற்படிப்பு

அரச வெற்றிடங்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியிலும் ஞாயிறு பத்திரிகைகளிலும் வரும். வளவாளராக அழைக்கும்போது கொடுப்பனவு எவ்வளவு, போக்குவரத்து உண்டா என்று முதலே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று விட்டால் பிறகு மனக்கசப்புத்தான் மிச்சம்.

நிதி கேட்க ஒரு பதிவு வேண்டும். சிறு ஊர் அமைப்பு பிரதேச செயலகத்தில் பதிந்து, இரண்டு ஒப்பத்தோடு வங்கிக் கணக்குத் திறந்து, ஓராண்டுக் கணக்கறிக்கை வைத்திருந்தால்தான் யாரும் பேசுவார்கள். தூதரகங்களின் சிறு நிதிகளில் கனடாவின் உள்ளூர் முன்முயற்சி நிதி போன்றவை தனியாட்களுக்குத் தருவதில்லை, விண்ணப்பக் காலமும் குறுகியது. பதிவு இல்லாவிட்டால் ஏற்கெனவே பதிந்த கூட்டுறவுச் சங்கத்தோடு சேர்ந்து எழுதுங்கள்.

படிப்புக்கு, யாழ் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையும் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1991இல் தொடங்கிய மனித உரிமைகள் கற்கை நிலையமும் விசாரிக்க வேண்டிய இடங்கள். வெளியில், மொன்றியலின் எக்குவிற்றாஸ் நிறுவனம் மனித உரிமைக் கல்வியாளருக்கென்றே ஒரு சர்வதேசப் பயிற்சி நடத்துகிறது. அதற்கு உங்கள் அமைப்பின் பரிந்துரை தேவை. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2005 முதல் சிறுபான்மையினருக்கான புலமைப்பரிசில் ஒன்றை ஜெனீவாவில் நடத்துகிறது. மொழி, இன, மதச் சிறுபான்மையைச் சேர்ந்தவர்கள் விண்ணப்பிக்கலாம், செலவை அந்த அலுவலகமே ஏற்கிறது. தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகத்தில் மனித உரிமை முதுமாணி உண்டு. பிரித்தானியாவின் செவ்னிங் புலமைப்பரிசில் ஓராண்டு முதுமாணிக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்கிறது, தொண்டு வேலையும் கணக்கில் சேரும். முடித்தபின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும்.

இந்த விண்ணப்பங்களில் யாழ்ப்பாணத்து ஆட்கள் தோற்பது ஆங்கிலத்தால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் காரணம் பதிவு வைக்காமைதான். முதல் அமர்விலிருந்தே ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதுங்கள்: திகதி, ஊர், தலைப்பு, எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், பிறகு என்ன நடந்தது. கடைசி நிரல்தான் முக்கியம். "40 பேருக்கு விழிப்புணர்வு" என்பதைவிட "மூன்று தகவல் விண்ணப்பம், இரண்டுக்குப் பதில் வந்தது, ஒன்று மேன்முறையீட்டில்" என்ற வரியை வாசிப்பவர் நின்று வாசிப்பார். பரிந்துரைக் கடிதம் தரப்போகும் அதிபருக்கோ சங்கத் தலைவருக்கோ அந்தக் கொப்பியின் பிரதியை விண்ணப்ப முடிவுக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.